காது குத்திய ஊர்

“பொண்ணுக்குக் காது எங்க வச்சுக் குத்துனீங்க?”

வருகிற எல்லோரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எல்லோரும் திருதிருவென்று முழிப்பார்கள். தேனிலவுக்கு ஊர் பார்க்க வந்த இடத்தில் காதுகுத்துக் கதை எதற்கு என்று சிலர் முகத்துக்கு நேரே கேட்டும் விடுவார்கள். கேட்டால் கேட்கட்டும். பதினோரு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான். எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சுலோசனா அம்மாள் முழிக்கவில்லை. “பழனியிலீங்க” என்றார். கேள்வியை நான் முடிப்பதற்குள்ளாகவே பதில் வந்து விழுந்துவிட்டது. அவர் அறுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற அரசாங்க நர்ஸ். மடியில் ஒரு கறுப்புக் கைப்பை. அதை மேசையில் வையுங்கள் என்றேன். “இருக்கட்டுமுங்க” என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் அவருடைய மகள் மதுவந்தி. இருபத்தெட்டு வயது, கட்டட வரைபடம் போடுகிற வேலை, அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அகிலன் ஆசை ஆசையாக அந்தமானுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். அங்கேதான் சிக்கல்.

“எனக்குக் கடல்னா ஆகாது மேடம்” என்றாள் மதுவந்தி. “ஸ்கூல்ல கன்னியாகுமரி டூர் போனாங்க, முதல் நாள் காய்ச்சல். காலேஜ்ல கோவா, கிளம்புற அன்னிக்கு மாடிப்படியில விழுந்தேன். ஃபோன்ல கடல் படம் வந்தாக்கூட கட்டை விரல் தானா தள்ளி விட்டுரும். இருபத்தெட்டு வயசுக்கு நான் இன்னும் கடலே பார்க்கல, நம்புவீங்களா?”

“கொடைக்கானல் எத்தனை தடவை போயிருக்க?”

“ஒன்பது.”

“ஏன்?”

“கிளைமேட் நல்லா இருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எல்லாரும் இதைத்தான் சொல்லுதாங்க. கிளைமேட், செலவு, ஹோட்டல் வசதி. எல்லாம் பின்னால ஒட்டவைக்கிற காரணம்மா. சின்னதுல சளி பிடிச்சப்ப நெஞ்சுல நீலகிரித் தைலம் தேய்ச்சு விட்ட புள்ள, நாப்பது வயசுல ஊட்டிக்கு நிக்கும். கேட்டா, நான் யோசிச்சு முடிவெடுத்தேம்பான். முடிவு அவனுக்கு ரெண்டு வயசுலயே எடுத்தாச்சு.”

கோவையில் எங்கள் ‘அகத்திசை பயணங்கள்’ நிறுவனம் செய்கிற வேலை இதுதான். ஆளை அரைத் தூக்கத்தில் ஆழ்த்துவோம். மூடிக் கிடக்கும் குழந்தை நினைவை வாசனை காட்டி, சத்தம் காட்டித் தேடுவோம். அதற்கு ‘வேர்’ என்று பெயர். வேர் கிடைத்ததும் அதன்மேல் ஒரு கதை சொல்லுவோம். மாமரத்தில் ஒட்டுக் கட்டுகிற மாதிரி, அந்தக் கதை பழைய நினைவோடு ஒட்டிக்கொள்ளும். எழுந்த பிறகு கதை கேட்டது ஞாபகம் இருக்காது. ஆனால் கால் மட்டும் அந்த ஊர்ப் பக்கம் போகும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காதுகுத்தை விட நல்ல வேர் கிடையாது. வலி, கூட்டம், மாமன் மடி, அழுகிற வாயில் திணித்த வெல்லம், எல்லாம் ஒரே நிமிஷத்தில் நடந்து முடிந்துவிடும். மனசு மறந்தாலும் காதுமடல் மறப்பதில்லை. இந்த ரகசியத்தை எனக்கு எந்த விஞ்ஞானியும் சொல்லித் தரவில்லை, நானே வேலையில் கண்டுபிடித்தது.

“வலிக்குமா?” என்றாள் மதுவந்தி.

“தூங்குறதுக்கு என்னம்மா வலி? உங்கம்மா கூடவே இருப்பாங்க. கதையை அவங்கதான் படிக்கணும். பழக்கமான குரல்தான் உள்ள இறங்கும்.”

அச்சடித்த தாளைச் சுலோசனா அம்மாளிடம் கொடுத்தேன். அந்தமான் விடுதிக்காரர்களுக்காக எங்கள் ஆபீஸ் எழுத்தாளர் எழுதியது. ‘கண்ணே, உனக்கு ............ ஊரில் காது குத்தினபோது நீ அழுதாய். அப்போது ஒரு நீலக் கடல் உன்னைக் கூப்பிட்டது’ என்று ஆரம்பிக்கும். என்னத்த எழுத்தோ! கோடிட்ட இடத்தில் குடும்பத்தார் ஊர்ப் பெயரைச் சேர்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். சுலோசனா அம்மாள் அந்தக் கோடிட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்க மருந்து ஏறியதும் மதுவந்தி பத்து நிமிஷத்தில் தூங்கிப் போனாள். தலையில் கவசம், எதிரே திரை. பிள்ளையின் மனசு எதற்காவது அசைந்தால் திரை சிவக்கும். சிவப்பு என்றால் சூடு. அது ஆசையா பயமா என்பது எந்திரத்துக்குத் தெரியாது. அதைப் பக்கத்தில் இருக்கிற ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பழனி என்றார்களே என்று முதலில் பஞ்சாமிர்த வாசனை கொடுத்தேன். திரையில் ஒன்றுமில்லை. திருநீறு கொடுத்தேன், அதற்கும் ஒன்றுமில்லை. முருகன் கோயில் மணியோசைக்கும் மதுவந்தி அசையாமல் கிடந்தாள். பழனியில் காது குத்திய பிள்ளை பஞ்சாமிர்தத்துக்கு அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

சரி என்று காதுமடலை மெல்லிய கிளிப்பால் லேசாக அழுத்தினேன். வாயோரம் ஒரு சொட்டு வெல்லப்பாகு வைத்தேன். திரை மினுங்கியது. வேர் இருக்கிறது, ஊர்தான் தெரியவில்லை. வழக்கப்படி ஒவ்வொரு சத்தமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். ஆற்றுச் சத்தம், ரயில் சத்தம், சந்தை இரைச்சல்.

அலைச் சத்தம் போட்டேன்.

திரை முழுக்கச் சிவப்பு. நாடித்துடிப்பு எண்பதிலிருந்து நூற்று நாற்பதுக்குத் தாவியது. மதுவந்தியின் இரண்டு கைகளும் போர்வையைக் கொத்தாகப் பிடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து ஒரு குழந்தை அழுகிற மாதிரி சத்தம் போட்டாள். சட்டென்று அலையை நிறுத்தினேன். நிறுத்தியும் நாடி இறங்கவில்லை.

“அக்கா” என்றேன், திரும்பாமலே. “இவளுக்குக் காது குத்துனது பழனியில்ல.”

பின்னால் கைப்பை வார் உரசுகிற சத்தம் கேட்டது.

“கடற்கரையில வச்சுக் குத்தியிருக்கீங்க. கடலே பாக்காத புள்ள இல்ல இவ. பாத்திருக்கா. நல்லாவே பாத்திருக்கா. என்கிட்ட என்னத்துக்குப் பொய் சொன்னீங்க?”

“பழனிதானுங்க...”

“இந்தக் கடிகாரத்தைப் பாருங்க!” என் குரல் உயர்ந்துவிட்டது. “வேரைத் திறந்தாச்சு. இருபது நிமிஷத்துல மருந்து இறங்கி அவளே முழிச்சிருவா. அதுக்குள்ள கதை சொல்லி மூடலேன்னா, இப்ப அவ உள்ள என்ன பாத்துட்டு இருக்காளோ அதோடயே முழிப்பா. புரியுதா?”

நான் சும்மா பயமுறுத்தவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வங்கி அதிகாரி வந்தார். தண்ணீர்ப் பயம். சின்ன வயதில் குளத்தில் விளையாடியவர்தான் என்று அவருடைய அண்ணன் சொன்னதை நம்பி, நான் படகுவீட்டுக் கதையை ஒட்டினேன். உண்மையில் அந்தக் குளத்தில் செத்துப்போனது அவர் தங்கை. அண்ணன் மறைத்துவிட்டார். படகில் ஏறிய அன்றைக்கு ஒட்டு பிய்த்துக்கொண்டது. இன்றைக்கும் வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாராம். அந்தப் பாவம் என் தலையில்தான் இருக்கிறது. இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

மேசைமேல் இருந்த உள்பேசி கரகரத்தது. மேனேஜர் கோகுலன். “ஆவுடையக்கா, அஞ்சாம் நம்பர் ரூம்ல நாடி ஏன் இப்படி ஏறுது? ஸ்கிரிப்டைப் படிச்சு முடிச்சு விடுங்க.”

“படிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்” என்று வைத்துவிட்டேன்.

ஸ்பிரிட் வாசனைக் குழாயை மகளின் மூக்கருகே நகர்த்தினேன். காரணம் எதுவும் இல்லை, அம்மா நர்ஸ் என்பதால் தோன்றியது. நூற்று நாற்பது நூற்றுப் பத்தானது. பிடித்த போர்வை கொஞ்சம் தளர்ந்தது.

சுலோசனா அம்மாள் அதைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

“நான் பெத்த புள்ளையில்லீங்க” என்றார்.

பதினெட்டு நிமிஷம் இருந்தது.

“சுனாமி வந்த வருசமுங்க. ஈரோட்டுல இருந்து எங்களை நாகப்பட்டினம் பக்கம் முகாமுக்கு அனுப்பினாங்க. ஒரு பள்ளிக்கூடம். மூணு வயசுப் புள்ள, உடம்பெல்லாம் சேறு, பேச்சே இல்ல. ஒரு காதுல தங்கத்துல சின்ன வளையம், இன்னொரு காதுல வேப்பங்குச்சி. காது குத்தி ரெண்டு மூணு நாள்தான் இருக்கும், ரெண்டும் சீழ் வச்சிருந்துச்சு. நாந்தான் துடைச்சேன். துடைக்கிறப்ப என் மடியில ஏறி உக்காந்தது, இறங்கவே இல்லீங்க. பத்து நாள். பாத்ரூம் போனாக்கூட வாசல்ல நின்னு அழுவும்.”

“உங்களுக்கு...”

“கல்யாணம் ஆகி எட்டு வருசம், குழந்தை இல்ல. அவரும் விட்டுட்டுப் போயிட்டாரு.”

“ஆளில்லாத புள்ளைய எடுத்து வளர்த்தீங்க. இதுல மறைக்க என்ன இருக்கு?”

அவர் தலையை ஆட்டினார். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“பதினொண்ணாம் நாள் ஒரு ஆளு வந்தாருங்க. காலு ஒடிஞ்சு எங்கயோ ஆஸ்பத்திரியில கிடந்திருக்காரு. கையில ஒரு ஃபோட்டோ. ‘எம்மவ, மூணு வயசு, சிங்காரத்துறை, அம்மன் கோயில்ல கடலப் பாத்து உக்கார வச்சு காது குத்துனோம், ஒரு காதுல வளையம், ஒரு காதுல வேப்பங்குச்சி’ன்னு சொன்னாரு. புள்ள உள்ள பாயில தூங்குது. நான் முன்னாலயே காதுல கட்டுப் போட்டிருந்தேன். வளையத்தைக் கழட்டி வச்சிருந்தேன். ‘அப்படிப் புள்ள இங்க யாரும் இல்லீங்கண்ணா’ன்னு சொன்னேன்.”

இந்த அம்மாளைத் திட்டுவதா, அழுவதா என்று தெரியவில்லை. திட்டத்தான் தோன்றியது. “பாவி மனுசி” என்று சொல்லியும் விட்டேன்.

“சொல்லுங்க. இன்னும் சொல்லுங்க. இருபத்தஞ்சு வருசமா யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன்.”

“அந்த ஃபோட்டோ?”

“பாத்தா சொல்லுங்கம்மான்னு என் கையிலயே கொடுத்துட்டுப் போனாரு. எரிச்சுட்டேனுங்க.”

பதின்மூன்று நிமிஷம். நாடி மறுபடி நூற்று முப்பது. மதுவந்தியின் நெற்றி வேர்த்திருந்தது.

“ஏதாச்சும் பண்ணுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “மலைக்கதை ஏதாச்சும் சொல்லி மூடிருங்க. அந்தமானும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அந்தப் பையன்கிட்ட நான் பேசிக்கிறேன். அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னை விட்டுப் போயிருவா. எனக்கு வேற யாரு இருக்காங்க?”

“மலைக்கதை ஒட்டாது அக்கா. அவ உள்ள கடலோரத்துல உக்காந்திருக்கா. நீங்க பழனின்னு ஆரம்பிச்சா அடுத்த நிமிஷமே பிடுங்கி எறிஞ்சிரும். உண்மையான ஊரைச் சொல்லித்தான் உள்ள போவ முடியும். நான் பொய்யை ஒட்ட மாட்டேன். வேலை போனாலும் சரி.”

“நீங்க சொல்லுங்களேன்.”

“என் குரல் அவளுக்கு யாரு? அந்த ஸ்பிரிட் வாசனைக்கு எப்படி இறங்குனா பாத்தீங்கல்ல? அது உங்க மடி. பயத்துல கிடந்த புள்ளைய அன்னிக்குத் தூக்குனது நீங்க. இன்னிக்கும் நீங்கதான் தூக்கணும்.”

“முழிச்சதும் ஞாபகம் இருக்குமா?”

“வார்த்தை ஒண்ணுகூட இருக்காது.”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. தப்பிக்க வழி கிடைத்த முகம் அது.

“ஆனா கால் அந்தப் பக்கம் போவும்” என்றேன். “நீங்க எதைச் சொல்லுதீங்களோ அதைத் தேடிக்கிட்டுப் போவும். ஏன்னு தெரியாமலே போவும். அதுக்கும் சம்மதம்னா மைக்கை எடுங்க.”

பேசி மறுபடி கரகரத்தது. நான் அதன் வயரையே பிடுங்கிவிட்டேன்.

சுலோசனா அம்மாள் மைக்கை வாங்கினார். தாளைக் கண்ணாடிக்கு நேரே பிடித்து, “கண்ணே, உனக்கு...” என்று ஆரம்பித்தார். கோடிட்ட இடம் வந்தது. நின்றுவிட்டார். உதடு ‘ப’வுக்குக் குவிந்தது, நான் பார்த்தேன். திரையில் நாடி நூற்று நாற்பத்தைந்து.

தாளைக் கீழே போட்டார்.

“சாமி, உனக்குக் காது குத்துனது சிங்காரத்துறையில” என்றார். “அம்மன் கோயில் வாசல்ல, கடலப் பாத்து. நான் பாக்கல. உங்கப்பா சொன்னாரு. உங்கப்பா பேரு காத்தவராயன். உன் பேரு அஞ்சுகம்.”

மதுவந்தியின் இமைகள் துடித்தன.

“நீ அழுதிருப்ப. வாயில வெல்லம் வச்சிருப்பாங்க. அப்புறம் மூணு நாள்ல கடல் வந்துருச்சு. உங்கம்மாவைக் கொண்டு போயிருச்சு. அது உன் தப்பில்ல சாமி. நீ கைய விடல, கடல் பிடுங்கிருச்சு. உங்கப்பா உன்னை விட்டுட்டுப் போவல. ஒடிஞ்ச காலோட தேடி வந்தாரு. ஃபோட்டோவைக் கையில வச்சுக்கிட்டு வந்தாரு. நீ உள்ள தூங்கிட்டு இருந்த. இல்லேன்னு சொன்னது நானு. எனக்கு உன்னைக் கொடுக்க மனசு வரல. அவ்வளவுதான். நல்லதுக்குன்னு சொல்லல, ஆசைக்குச் சொன்னேன்.”

அவர் அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட அழுகை. வேலை நேரத்தில் அழுவது எங்கள் நிறுவனத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம்.

“கடல் அங்கயேதான் இருக்கு. இப்ப அது சும்மா இருக்கு. போய்ப் பாரு. பயமா இருந்தா என் மடி இருக்கு.”

நாடி நூறானது, பிறகு தொண்ணூறு, அப்புறம் எழுபத்தெட்டு. திரையின் சிவப்பு ஓரங்களிலிருந்து வடிந்தது. போர்வையைப் பிடித்திருந்த கைகள் தாமாகத் திறந்துகொண்டன. கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. அலைச் சத்தத்தை மிக மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். எழுபத்தெட்டு, எழுபத்தெட்டுதான்.

மதுவந்தி கண்ணைத் திறந்து கொட்டாவி விட்டாள். “முடிஞ்சிருச்சா? நல்லாத் தூங்கிட்டேன் போல. அம்மா, ஏன் இப்படி இருக்க? ரத்த அழுத்த மாத்திரை போட்டியா இல்லையா?”

“போட்டேன் கண்ணு.”

சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொடுத்தேன். பிறகு வழக்கப்படி பன்னிரண்டு ஊர்ப் படங்களை முன்னால் வைத்தேன். இதில் அவர்களே ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தால்தான் ஒட்டு பிடித்ததாகக் கணக்கு. அந்தமான் படம் நடுவில் இருந்தது. வெள்ளை மணல், நீலத் தண்ணீர், இரண்டு தென்னை மரம்.

அவள் அதைக் கையில் எடுத்தாள். தள்ளிவிடவில்லை, கட்டை விரல் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். பன்னிரண்டையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“இதுல இல்லாத ஊர் சொல்லலாமா மேடம்?”

“சொல்லு.”

“நாகப்பட்டினம் பக்கம் ஏதாச்சும் மீனவ ஊர். கோயில் இருக்கணும், கடலை ஒட்டி.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “தேனிலவுக்கு யாராவது அங்க போவாங்களா? அகிலன் என்னைப் பைத்தியம்னு சொல்லப் போறான். அந்தமான் அப்புறம் போகலாம். முதல்ல அங்க போகணும் போல இருக்கு. ஏன்னு கேக்காதீங்க, தெரியல.”

“நான் கேக்க மாட்டேன்” என்றேன்.

“அம்மா, நீயும் வா. கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டு வந்துடலாம். நீ இல்லாம எனக்குத் தைரியம் வராது.”

சுலோசனா அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்குத் தப்பித்துவிட்ட மாதிரியும் இருந்திருக்கும், மாட்டிக்கொண்ட மாதிரியும் இருந்திருக்கும். இரண்டுமே அந்த முகத்தில் இருந்தன. மகள் விடுவிடுவென்று எழுந்து செருப்பை மாட்டினாள். கதவருகே போனவள் திரும்பி நின்றாள்.

“இன்னொண்ணு. சிரிக்கக் கூடாது. போறப்ப என்னோட ஃபோட்டோ ஒண்ணு எடுத்துட்டுப் போகணும். மூணு வயசுக்கு முன்னாடி எடுத்தது. வீட்ல நான் பார்த்ததே இல்லையேம்மா, இருக்கா?”

எரித்துவிட்டேன் என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னது எனக்கு நினைவிருந்தது. இல்லை கண்ணு என்று சொல்லிவிட்டால் போதும். மகள் நம்புவாள். இருபத்தைந்து வருஷமாக நம்பியவள்தானே.

சுலோசனா அம்மாள் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே திரையைப் பார்த்தேன். இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கைப்பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று வெளியே வந்தது. அதற்குள் நாலாக மடித்த ஒரு கைக்குட்டை. கைக்குட்டைக்குள் ஓரமெல்லாம் மங்கிய ஒரு ஃபோட்டோவும், சின்னஞ்சிறு தங்க வளையம் ஒன்றும் இருந்தன.

“இதையா எப்பவும் பையில வச்சிருந்த?” மதுவந்தி ஃபோட்டோவை வாங்கிப் பார்த்தாள். மொட்டைத் தலைக் குழந்தை, பின்னால் படகு. சிரித்துக்கொண்டே திருப்பினாள். பின்பக்கம் பேனா எழுத்து. “அஞ்சுகம், தகப்பனார் பெயர் காத்தவராயன்” என்று வாசித்தாள். சிரிப்பு நின்றது. கை தானாகப் போய்க் காதுமடலைப் பிடித்துக்கொண்டது. “இது யாரும்மா?”

“உக்காரு சாமி” என்றார் சுலோசனா அம்மாள். “ஒரு தடவை சொல்லிட்டேன். நீ தூங்கிட்டு இருந்த. அது கணக்கில்ல. இப்ப முழிச்சிருந்து கேளு.”